சொல்லும் விதியும்: மொழிகளுக்கிடையே இலக்கணமும் சொற்றொகுதியும் இயங்கும் முறை

மொழியைப் பற்றிப் பேசுவோரிற் பெரும்பாலோர் சொல்லைப் பற்றியே பேசுகின்றனர். ஒரு மொழியின் வளம் அதன் அகராதியின் பருமனைக் கொண்டு அளக்கப்படுகின்றது. அதன் தூய்மை, பிறமொழிச் சொற்கள் எத்துணை புகுந்துள்ளன என்பதைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. மொழி அழிந்துவிடுமோ என்னும் அச்சமும் கடன்பெற்ற சொற்களைக் கண்டே எழுகின்றது. சொற்களை இணைத்து வாக்கியமாக்கும் விதிகளோ பேசுவோரின் கவனத்துக்கு எளிதில் வருவதில்லை. ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அதன் விதிகளை அறியாமலே அவற்றைப் பிழையின்றிக் கையாளுகின்றார். கண்ணுக்குத் தெரிவதைக் காத்து, தெரியாததை அதன்போக்கில் விட்டுவிடுதல் மனித இயல்பு. மொழிகளின் வரலாற்றில் இவ்வியல்பு ஆழமான விளைவுகளை ஏற்படுத்தியுள்ளது.

சொற்றொகுதியும் இலக்கணமும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் வழிகள் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டைச் சில மொழிகளின் சான்றுகொண்டு விளக்குவதும், அதன் துணையுடன் இலங்கையின் மொழிகள், சிறப்பாகச் சிங்களமும் தமிழும், ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவினை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடன்சொல்லும் ஏற்கும் மொழியும்

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் வசமாயிற்று. 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. அவ்வாட்சிகள் மறைந்து நெடுங்காலமாயினும் அவை விட்டுச்சென்ற சொற்கள் நமது வீடுகளில் இன்றும் வழங்குகின்றன. மேசை, கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண், வாங்கு என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. கந்தோர் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது.

இச்சொற்களுக்கு நேர்ந்தது யாது? போர்த்துக்கேயத்தில் மேசையையும் கதிரையையும் குறிக்கும் சொற்கள் பெண்பாற் பெயர்கள். வாங்கு, சப்பாத்து ஆகியவற்றின் மூலச்சொற்கள் ஆண்பாற் பெயர்கள். பெயரோடு சேரும் அடைமொழியும் அப்பாலுக்கேற்ப மாறும். தமிழுக்கு வந்தபோது இப்பாற்பாகுபாடு முற்றாகக் கழன்றுபோயிற்று. யாவும் அஃறிணையாயின, கதிரையை, வாங்கில், கந்தோருக்கு எனத் தமிழ் வேற்றுமையுருபுகளை ஏற்றன. பொருள் கரையிறங்கியது, பெயரும் கரையிறங்கியது. இலக்கணம் கப்பலிலேயே தங்கிவிட்டது.

தமிழிலக்கண மரபு இவ்வியக்கத்தை மிக முற்பட்ட காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்துகின்றது. பிறமொழிச் சொல்லை அது விலக்கவில்லை. வடசொல் தமிழின் எழுத்துமுறைக்கு இயைந்து வரவேண்டும் என்றே விதிக்கின்றது. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாரா என்பது பழைய விதி. ஆதலின் அரசன், உலகம், இலங்கை எனச் சொற்கள் முன்னே ஓர் உயிரைப் பெற்றன. எனினும் இக்காவல் என்றும் ஒரே இறுக்கத்துடன் நிலைப்பதில்லை. டாக்டர், ரயில், லொறி என்னும் சொற்கள் இன்று முன்னுயிரின்றியே வழங்குகின்றன. பெருந்தொகையாக வரும் சொற்கள் நாளடைவில் ஒலியமைப்பின் விதியையே தளர்த்திவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஏற்கும் மொழியின் விதி கடன்சொல்லை எத்துணை ஆழமாக ஆட்கொள்ளும் என்பதற்கு அறபும் சுவாகிலியும் தெளிவான எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன. அறபுமொழியில் பல பெயர்ச்சொற்கள் ஈற்றில் விகுதி பெறாது, உள்ளே உயிரொலிகள் மாறுவதாற் பன்மையாகும். கிதாப் என்றால் நூல். குதுப் என்றால் நூல்கள். ஐரோப்பாவிலிருந்து சென்ற ஃபில்ம் என்னும் சொல்லும் இவ்வச்சில் வார்க்கப்பட்டு அஃப்லாம் எனப் பன்மையாயிற்று. பாங்க் என்பது புனூக் ஆயிற்று. இதே கிதாப் என்னும் அறபுச்சொல் ஆபிரிக்கக் கிழக்குக் கரையின் சுவாகிலி மொழிக்குச் சென்றபோது வேறொரு விதியிடம் அகப்பட்டது. சுவாகிலியில் பெயர்கள் முன்னொட்டுகளால் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. 'கி' என ஒருமையில் தொடங்கும் வகுப்பு பன்மையில் 'வி' எனத் தொடங்கும். கிதாபு என்னும் சொல்லின் முதலசையைச் சுவாகிலி பேசுவோர் அம்முன்னொட்டாகவே கொண்டனர். எனவே நூல்கள் என்பது அங்கு விதாபு ஆயிற்று. அறபியர் இதனைப் பிழையெனலாம். சுவாகிலியின் விதிப்படி இதுவே சரி. தமிழின் கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து ஆங்கில ஸகரப் பன்மையை ஏற்றதும் இதே நெறியிலாகும்.

வினைச்சொற்களின் நிலை சிறிது வேறானது. காலம், இடம், பால் ஆகியவற்றைக் காட்டும் உறுப்புகள் வினையோடு செறிந்து நிற்பதால் பல மொழிகள் அயல்வினையை நேரே ஏற்பதில்லை. அதனைப் பெயர்போலக் கொண்டு, செய்தற்பொருள் தரும் தம் வினையொன்றைப் பின்னே சேர்க்கின்றன. தமிழர் 'போன் பண்ணினேன்' என்கின்றனர். சிங்களத்தில் 'கரனவா', இந்தியில் 'கர்னா', பாரசீகத்தில் 'கர்தன்', துருக்கியில் 'எத்மெக்', யப்பானியத்தில் 'சுரு' ஆகியன இப்பணியைச் செய்கின்றன. ஐந்துக்கு மேற்பட்ட மொழிகள், அவற்றுட் பல தம்முள் உறவற்றவை, ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டுள்ளமை மனங்கொளத்தக்கது.

2. சொல்லியே ஆகவேண்டியவை

இலக்கண விதிகளுள் ஒரு பகுதி, பேசுவோர் எதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதை வரையறுக்கின்றது. றோமன் யாக்கோப்சன் 1959இல் மொழிபெயர்ப்புப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை வலியுறுத்தினார். எந்த மொழியிலும் எதனையும் சொல்லமுடியும். மொழிகள் அடிப்படையில் வேறுபடுவது, எதனைச் சொல்லாது விடமுடியாது என்பதிலேயே என்பது அவர் கருத்தின் சாரம்.

துருக்கிமொழியில் 'அவர்' என்பதற்குப் பால் வேறுபாடு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே பெயரே வழங்கும். ஆனால் ஒருவர் வந்தார் என்று கூறும்போது அதனை அறிந்த வழியையும் வினைமுற்றே காட்டவேண்டும். 'கெல்தி' என்றால் வந்தார் என உறுதியாகக் கூறுவது. 'கெல்மிஷ்' என்றால் பிறர் சொல்லியோ அடையாளங்கண்டு ஊகித்தோ கூறுவது. தமிழில் இவ்வேறுபாட்டை 'வந்தாராம்' எனக் காட்டலாம், காட்டாமலும் விடலாம். மறுபுறம், 'வந்தான், வந்தாள், வந்தார், வந்தது' என்பவற்றுள் ஒன்றைத் தேராமல் தமிழ் பேசுபவர் அவ்வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆணா பெண்ணா என்பதோடு, எத்துணை மதிப்புக்குரியவர் என்பதையும் அவர் முடிவுசெய்தாக வேண்டும். இவ்விகுதிகளுள் எது யாருக்கு வழங்கப்பட்டது என்பதில் நமது சமுதாயத்தின் சாதி வரலாறும் வர்க்க வரலாறும் படிந்துள்ளன.

தன்மைப் பன்மை இன்னுமொரு சான்றாகும். பழந்தமிழ் கேட்போரை உள்ளடக்கும் 'நாம்' என்பதையும் விலக்கும் 'யாம்' என்பதையும் வேறுபடுத்திற்று. இன்றைய எழுத்துத் தமிழில் இது 'நாம்', 'நாங்கள்' என நிலவுகின்றது. மலாய்மொழியின் 'கித்தா', 'காமி' என்பனவும் இவ்வேறுபாட்டைக் காட்டுவன. ஆங்கிலத்தில் இல்லை, சிங்களத்தின் 'அப்பி' என்பதும் இருபொருளையும் தழுவும். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலுங்கூட 'நாங்கள்' என்பதே பெரிதும் இரண்டிற்கும் வழங்குகின்றது. ஆதலால் இது ஒரு மொழி முழுவதற்குமுரிய குணம் என்பதினும், ஒரு வழக்குக்குரிய விதி என்பதே பொருந்தும். இவ்வாறான விதிகள் கூடுதலாக உள்ள மொழி உயர்ந்தது என்றோ குறைவாக உள்ளது தாழ்ந்தது என்றோ கூற இடமில்லை. ஒரு மொழி கட்டாயமாக்கியதை மற்றொரு மொழி பேசுவோரின் விருப்பத்துக்கு விட்டுவைக்கின்றது, அவ்வளவே.

3. இலக்கணமும் பரவும்

சொல் எளிதில் இடம்பெயரும், இலக்கணம் இடம்பெயராது என்னும் எண்ணம் ஒப்பிலக்கணத்தின் தொடக்கக்காலத்திலிருந்தே வலுப்பெற்றிருந்தது. 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் வில்லியம் யோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை வினையடிகளிலும் இலக்கண வடிவங்களிலுமே கண்டார். தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்பதை எல்லிஸ் 1816இலும், அதனை விரிவாகக் கால்டுவெல் 1856இலும் நிறுவியபோதும், சமஸ்கிருதச் சொற்களின் பெருக்கைத் தாண்டி அடிப்படைச் சொற்களையும் இலக்கண உறுப்புகளையும் நோக்கியமையே அவர்கள் முறையாயிற்று. முற்போக்குச் சிந்தனையாளர் அறிந்த 1950ஆம் ஆண்டுச் சோவியத் மொழியியல் விவாதத்தில், மொழி மேற்கட்டுமானத்தின் பகுதியன்று எனக்கூறி மார் என்பாரின் கோட்பாட்டை மறுத்த ஸ்டாலினும், இலக்கண அமைப்பையும் அடிப்படைச் சொற்றொகுதியையுமே மொழியின் அடித்தளமாகக் கொண்டார்.

குடும்பத்தைத் துணிவதற்கு இம்முறை இன்றும் பயன்படுகின்றது. ஆயினும், இதிலிருந்து இலக்கணம் அசையாதது எனக் கொள்வது தவறாகும். எமனோ 1956இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவை ஒரு 'மொழியியற் பிரதேசமாக' நோக்கினார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் நெடுங்காலத் தொடர்பினால் ஒலியிலும் வாக்கிய அமைப்பிலும் பொதுப் பண்புகளைப் பெற்றுள்ளமையை எடுத்துக்காட்டினார்.

இதற்கு மிகத் துலக்கமான சான்று மகாராஷ்டிர மாநிலத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள குப்வார் என்னும் கிராமத்திலிருந்து வந்தது. கம்பேர்ஸ், வில்சன் ஆகியோர் 1971இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு கன்னடமும் மராத்தியும் உருதுவும் நூற்றாண்டுக்கணக்கில் அருகருகே வழங்கிவந்தன. ஆடவர் தொழில்நிமித்தம் பன்மொழியாளராயிருந்தனர். வீட்டில் ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் மொழியையே பேணினர். விளைவு வியப்புக்குரியது. மூன்று மொழிகளின் வாக்கியங்களும், ஒரு மொழியின் சொல்லை எடுத்துவிட்டு மற்றதன் சொல்லை அதேயிடத்தில் வைக்குமளவுக்கு ஒரே அமைப்புடையனவாகிவிட்டன. குப்வார் மராத்தி பால்பாகுபாட்டில் ஏனைய மராத்தி வழக்குகளிலிருந்து விலகி, கன்னடத்தைப் போல மனிதர், மனிதரல்லாதவை என்னும் பொருளடிப்படையைத் தழுவிற்று. ஆனால் சொற்கள் கலக்கவில்லை. கன்னடச்சொல் கன்னடமாகவும் உருதுச்சொல் உருதுவாகவும் நின்றன.

இது முன்னர்க் கண்டதற்கு நேர்மாறான நிலை. இதன் காரணம் சமுதாய வாழ்விலேயே உள்ளது. ஒருவர் எப்பிரிவினர் என்பதைச் சொல் உடனே அறிவிக்கின்றது. எனவே பிரிந்து வாழும் சமூகங்கள் சொல்லைக் கருத்துடன் காக்கின்றன. வாக்கிய அமைப்போ எவருக்கும் அடையாளமாவதில்லை. நாள்தோறும் இரண்டு மூன்று மொழிகளில் உழைக்கவும் வாங்கவும் விற்கவும் வேண்டியவர்கள், காவலற்ற அப்பகுதியில் தம் சுமையைக் குறைத்துக்கொள்கின்றனர்.

4. இலங்கை தரும் சான்றுகள்

குப்வாரிற் கண்டதன் சாயலை இலங்கையிலும் காணலாம். கதிரையையும் மேசையையும் தமிழுக்குத் தந்த போர்த்துக்கேய மொழியே இங்கு வேறொரு பிறப்பெடுத்தது. மட்டக்களப்புப் பறங்கியர் பேசிவந்த போர்த்துக்கேயக் கலப்புமொழியின் சொற்கள் போர்த்துக்கேயம். வாக்கியமோ தமிழின் வழியில் வினையை இறுதியிற் கொள்வது. பெயருக்கு முன்நிற்கும் 'பாரா' என்னும் போர்த்துக்கேய இடைச்சொல் இங்குப் பெயருக்குப் பின்னே ஒட்டி, நமது 'கு' உருபின் பணியைச் செய்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோரின் மலாய்மொழியும் இங்கு வேற்றுமையுருபுகளைப் பெற்று, வினையை இறுதிக்கு நகர்த்தியது. சொல்லை மட்டும் நோக்குவோருக்கு இவை போர்த்துக்கேயமும் மலாயுமே. விதியை நோக்குவோருக்கு இவை இலங்கையின் மொழிகள்.

சிங்களத்துக்கு வருவோம். அதன் எடுத்துக்காட்டுகளைத் தமிழெழுத்தில் தரும்போது, உயிர்களுக்கிடையே இரட்டித்த வல்லெழுத்து வல்லோசையைக் குறிப்பதாகக் கொள்க. சிங்களம் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ என்னும் எண்ணுப்பெயர்களும், 'நான் போகின்றேன்' என்னும் பொருள்தரும் எழுத்துவழக்கின் 'மம யமி' என்னும் வினைவடிவமும் சமஸ்கிருதத்தோடும் பிராகிருதங்களோடும் ஒழுங்கான ஒலித்தொடர்பு கொண்டவை. வில்ஹெல்ம் கைகரின் 1938ஆம் ஆண்டு இலக்கணநூல் இவ்வரலாற்றை விரிவாக விளக்குகின்றது.

இனி, வாக்கியத்தை நோக்குவோம். 'நான் நேற்றுக் கடையில் வாங்கிய புத்தகம்' என்பதைச் சிங்களத்தில் 'மம ஈயே கடென் கத்த பொத்த' என்பர். சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை; பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கும் முறையும் ஒன்றே. 'கடே' என்னும் சொல்லே தமிழிலிருந்து சென்றது. கூற்றினை முடிக்கத் தமிழ் 'என்று' என்பதைக் கையாள, சிங்களம் 'கியலா' என்பதைக் கையாளுகின்றது. இரண்டும் சொல்லுதற்பொருள் தரும் வினையின் எச்சங்களே. 'எனக்குப் பசி' என நான்காம் வேற்றுமையில் நாம் தொடங்குவதுபோலச் சிங்களமும் 'மட்ட' எனத் தொடங்குகின்றது. 'நான் போனது கொழும்புக்கு' என அழுத்தம் தரும் வாக்கியத்துக்கு 'மம கியே கொளம்பட்ட' என்பது நேரொத்தது. இவற்றுட் சில தென்னாசியா முழுவதற்கும் பொதுவானவை. யாவும் தமிழிலிருந்தே சென்றன எனல் பொருந்தாது. எனினும் இத்துணை நெருக்கம், இரு மக்களும் இடையறாது கலந்து வாழ்ந்தமையின்றி ஏற்பட்டிருக்க முடியாது.

வேறுபாடுகளும் கருதத்தக்கன. தமிழில் உயர்திணை என்பது பகுத்தறிவுடைய மக்களைக் குறிக்கும். நாயும் புத்தகமும் ஒருங்கே அஃறிணை. ஆசிரியர் இருக்கிறார், நாய் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. சிங்களமோ உயிருள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரிக்கின்றது. ஆசிரியருக்கும் நாய்க்கும் 'இன்னவா'. புத்தகத்துக்கு மட்டுமே 'தியெனவா'. கோடு இரு மொழியிலும் உண்டு; அது கீறப்பட்ட இடம் வேறு. தமிழிற் பன்மை ஒருமையினும் நீளும்; சிங்களத்தில் 'பொத்த' என்பது குறித்த ஒரு நூல், 'பொத்' என்பது நூல்கள். உயிரற்ற பொருள்களுட் பல ஈறு குறைந்து பன்மையாகின்றன. ஆங்கிலச் சொற்கள் 'எக்க' என்பதைச் சேர்த்து 'பஸ் எக்க' என ஒருமையாகி, அது நீங்கியவழி 'பஸ்' எனப் பன்மையாகும். மேலும், 'மம யனவா, எயா யனவா, அப்பி யனவா' எனச் சிங்களப் பேச்சுவழக்கில் வினை இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. எழுத்துவழக்கில் 'மம யமி, அப்பி யமு' என மாறும். தமிழின் பேச்சோ எழுத்தோ இவ்விகுதிகளைக் கைவிடவில்லை. ஆகவே இது தமிழின் செல்வாக்கால் நேர்ந்ததன்று. அமைப்பு ஒன்றை ஒன்று நெருங்கியபோதும் ஒவ்வொரு மொழியும் தன் உள்வரலாற்றைத் தொடர்ந்தே வந்துள்ளது.

5. முடிபு

இச்சான்றுகள் இரு தவறான முடிபுகளை மறுக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலியார் டபிள்யூ. எஃப். குணவர்தன, வாக்கிய அமைப்பின் ஒற்றுமையைக் கொண்டு சிங்களத்தைத் திராவிட அடிப்படையுடைய மொழியெனக் கருதினார். அமைப்பின் ஒற்றுமை பிறப்பின் ஒற்றுமை ஆகாது என்பதை மட்டக்களப்புப் போர்த்துக்கேயமே காட்டும். ஆனால் இதற்கு எதிரான தவறு நமது நாட்டில் மேலும் பெருங்கேட்டை விளைவித்தது. சிங்களம் ஆரியம், தமிழ் திராவிடம் என்னும் மொழிக்குடும்பப் பாகுபாடு இனப்பாகுபாடாகத் திரிக்கப்பட்டு, இரு மக்களுக்கும் பொதுவாக எதுவும் இல்லை என்னும் அரசியலுக்கு அறிவியற் போர்வையாயிற்று. ஆரியம் என்னும் மொழிச்சொல்லை இனத்தின்மேல் ஏற்றுவது அடிப்படைப் பிழையென மக்ஸ் முல்லரே 1888இல் எச்சரித்திருந்தார்.

இரு சமூகத்தவரும் சொல்லைக் காத்த முறையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1941இல் குமாரதுங்க முனிதாச நிறுவிய ஹெல ஹவுலவும் சமஸ்கிருதச் சொற்களை விலக்கித் தத்தம் மொழியின் தனித்தன்மையை நிலைநாட்ட முயன்றன. மொழிப்பற்றுக்கும் சொல்லாக்கத்துக்கும் இவை ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குமாரதுங்க நுண்ணிய இலக்கண அறிஞருமாவார். எனினும் எல்லைக்காவல் பெரும்பாலும் அகராதியிலேயே நடந்தது. அதே காலத்தில் 'என்று' என்பதும் 'கியலா' என்பதும் எவருடைய அனுமதியுமின்றி ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

நடைமுறைப் பயனும் இதில் உண்டு. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னரே தமிழும் அந்நிலையைப் பெற்றது. சட்டத்திற் பெற்ற நிலையை வாழ்விற் பெறுவதற்குத் தகுதியான மொழிபெயர்ப்பும் இரண்டாம்மொழிக் கல்வியும் வேண்டும். சிங்களம் கற்கும் தமிழ் மாணவருக்கும் தமிழ் கற்கும் சிங்கள மாணவருக்கும் ஆங்கில இலக்கணத்தின் வழியாகச் சுற்றிச்சென்று கற்பிக்கத் தேவையில்லை. வாக்கியத்தின் பெரும்பகுதி அவர்களிடம் முன்னரே உள்ளது. வினைவிகுதி, திணை, பன்மை என விதிகள் பிரியும் இடங்களையே விரிவாகக் கற்பித்தல் தகும். அரச ஆவணத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கும் அவ்விடங்களே சோதனைக்களங்கள். சிங்கள மூலத்தில் 'அப்பி' என்றிருப்பதைத் தமிழில் எழுதுபவர், 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா எனத் தேர்ந்தேயாக வேண்டும். மூலம் சொல்லாது விட்டதை, வாசிப்பவர் உள்ளே நிற்கின்றாரா வெளியே நிற்கின்றாரா என்பதை, அவர் சொல்லவேண்டியவராகின்றார். இதற்கு அகராதி உதவாது. அவ்வாக்கியம் யாரை நோக்கி, யார் பெயரால் எழுதப்பட்டது என்னும் தெளிவே உதவும். அத்தெளிவை மூலத்தை ஆக்குவோரிடம் கேட்டுப் பெறும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இருத்தல் வேண்டும்.